கரு கூடாத முட்டைகள்: அரவக்குறிச்சியில் ஒரு தெர்மாகோல் இன்குபேட்டரைச் சீர்செய்த பதிவு

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில், சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகளின் முட்டைகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். இரண்டு 40 வாட் குண்டு பல்புகள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ 1209 என்ற சிறிய தெர்மோஸ்டாட் பலகை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு கருவி ஆகியவைதான் அந்தப் பெட்டியின் உள்ளடக்கம். தை, மாசி மாதங்களில் வைத்த ஈடுகளில், அதாவது ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைத்த முட்டைத் தொகுதிகளில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முட்டைகள் பொரிந்தன. பங்குனிக் கடைசியிலிருந்து நிலைமை மாறியது. ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகள் வைத்த அன்று இருந்ததுபோலவே தெளிவாக இருந்தன. இரத்த நாளங்கள் ஓடிய சில முட்டைகளிலும் பாதி கடைசி வாரத்தைத் தாண்டவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சேவலுக்கு வயதாகிவிட்டது, அதைச் சந்தையில் விற்றுவிட்டு வேறு சேவல் வாங்க வேண்டும் என்பது மாமாவின் முடிவு. "பங்குனியில இடி இடிச்சுது கண்ணு, அதுல முட்டையெல்லாம் கலங்கிப் போயிருக்கும்" என்றார் அக்காவின் மாமியார். அடை வைக்கும் கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடும் வழக்கத்தை இந்தப் பெட்டியில் கைவிட்டது அவருக்கு வருத்தம். பெட்டியே சரியில்லை, கடையில் விற்கும் தானியங்கி இன்குபேட்டர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று அக்கா நினைத்தார். இவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முட்டைக்குள் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆகவே, பொரியாத முட்டை எதையும் குப்பைக் குழியில் போடாமல் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கோழி முட்டையில் கரு வளரும் 21 நாளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. கருக்கள் அதிகமாக இறப்பது இரண்டு கட்டங்களில்: இரத்த ஓட்டம் உருவாகும் முதல் மூன்று நான்கு நாட்கள் ஒன்று, குஞ்சு நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும் கடைசி மூன்று நாட்கள் மற்றொன்று. முதல் கட்டத்து இறப்புகள் பெரும்பாலும் முட்டையைச் சேர்த்துவைத்துக் கையாண்ட விதத்தையும் வெப்பநிலையையும் காட்டிக்கொடுக்கும்; கடைசிக் கட்டத்து இறப்புகள் ஈரப்பதம், காற்றோட்டம், திருப்புதல் ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும். நடு வாரத்தில் இறப்பு மிகுந்தால் தாய்க்கோழியின் தீவனத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கரு எந்த நாளில் நின்றது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும் என்பதால், எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்பு முட்டைகளை உடைத்துப் பார்ப்பதே சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

முட்டையை நடுவில் தட்டி உடைத்தால் எல்லாம் கலந்துவிடும். அகன்ற முனையில், காற்றறை இருக்கும் பகுதியில், ஓட்டை மெதுவாகத் தட்டிச் சில்லுகளை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெண்சவ்வை ஊசிமுனையால் கிழித்துப் பார்க்க வேண்டும். கரு மஞ்சள் கருவின் மேற்பரப்பில் மிதந்து எப்போதும் மேல்நோக்கியே இருக்கும். அதனால் முட்டையைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்திருந்து திறந்தால், தேட வேண்டிய புள்ளி கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். வாசலில், நல்ல பகல் வெளிச்சத்தில், வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். கெட்ட வாடை வீசுகிற முட்டைகளைத் தனியே எடுத்து வைத்துக் கையுறையுடன் கடைசியில் திறந்தோம். அவை அழுத்தத்தில் தெறித்து மற்றவற்றையும் பாழாக்கிவிடும்.

டார்ச்சில் தெளிவாகத் தெரிந்தது என்பதற்காக அந்த முட்டையில் சேவல் சேரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கரு கூடாத முட்டையும், கரு கூடி முதல் ஓரிரு நாளில் இறந்துபோன முட்டையும் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். உடைத்தால்தான் வேறுபாடு விளங்கும். கரு கூடாத முட்டையின் மஞ்சள் கரு மேல் ஒரு சிறிய, அடர்ந்த வெண்புள்ளி, ஓரம் ஒழுங்கில்லாமல், ஆரம்பத்தில் இருந்த அளவிலேயே இருக்கும். கரு கூடி இறந்ததில் அந்தப் புள்ளி பரவி, மஞ்சள் கருவின் உச்சியில் பாலாடை படிந்ததுபோன்ற வெளிறிய வட்டமாக விரிந்திருக்கும். இன்னும் ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்திருந்தால் அந்த வட்டத்தின் விளிம்பில் இரத்தம் ஒதுங்கிச் சிவந்த வளையம் தெரியும். இதயம் இரண்டாம் நாளின் இறுதிக்குள் துடிக்கத் தொடங்குவதால், இரத்த வளையம் தெரிந்தாலே அந்தக் கரு உயிரோடு இருந்தது என்பது உறுதி. கண் கறுத்திருந்தால் நான்கைந்து நாளைத் தொட்டிருக்கிறது. இறகு முளைத்திருந்தால் இரண்டாம் வாரத்துக்குள் போயிருக்கிறது.

நாங்கள் திறந்த தெளிவான முட்டைகளில் பெரும்பாலானவற்றில் அந்த வெளிறிய வட்டம் இருந்தது. சிலவற்றில் மெல்லிய இரத்த வளையமும் இருந்தது. அதாவது சேவல் தன் வேலையைச் செய்திருக்கிறது. இதை இன்னொரு வழியிலும் சரிபார்த்தோம். அன்று காலை இட்ட முட்டைகளில் சிலவற்றைச் சமையலுக்கு உடைக்கும்போது கருப்புள்ளியை உற்றுப் பார்த்தோம். கரு கூடிய முட்டையில் அது நான்கு மில்லிமீட்டர் அளவில், நடுவில் தெளிவும் விளிம்பில் வெண்மையுமாக ஒரு சீரான வளையம் போலத் தெரியும். ஒன்றைத் தவிர மற்ற எல்லா முட்டைகளிலும் அந்த வளையம் இருந்தது. சேவலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பேச்சு அன்றோடு நின்றது. இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. சேவலின் மேல் சந்தேகம் வரும் எவரும் அடுத்த ஆம்லெட்டுக்கு முட்டை உடைக்கும்போதே செய்துவிடலாம்.

கரு கூடியிருக்கிறது, ஆனால் முதல் மூன்று நாளுக்குள் இறந்திருக்கிறது என்று தெரிந்தபின் வெப்பநிலையைப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தேங்குவதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளக்கும்போது 38.5 டிகிரிக்கு அருகில் இருப்பது வழக்கம். அரை டிகிரி வேறுபாடே பொருட்படுத்த வேண்டிய இடத்தில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அளவுகருவிகள் ஒரு டிகிரி வரை பிசகுவதுண்டு. வீட்டில் நம்பத்தக்க வெப்பமானி ஒன்று உண்டென்றால் அது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிதான். அது கோழிக்கருவுக்குத் தேவையான இதே வெப்ப எல்லைக்காகச் செய்யப்பட்டது. அதைக் காற்றில் வைத்து அளப்பது சரிவராது என்பதால், ஒரு ஃபிளாஸ்க்கில் 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீரை ஊற்றி, தெர்மோஸ்டாட்டின் சென்சாரையும் காய்ச்சல் வெப்பமானியின் முனையையும் ஒன்றாகச் சேர்த்து நீரில் பிடித்து, கலக்கிக்கொண்டே இரண்டும் நிலைகொள்ளும் வரை காத்திருந்தோம். பலகை 0.7 டிகிரி குறைத்துக் காட்டியது. அதாவது திரையில் 37.6 என்று தெரிந்தபோதெல்லாம் பெட்டிக்குள் 38.3 டிகிரி இருந்திருக்கிறது. அந்தப் பலகையின் அமைப்புகளில் பி4 என்பது இந்த வேறுபாட்டைத் திருத்துவதற்கானது, அதில் 0.7 என்று பதித்தவுடன் இரண்டும் ஒன்றாகின.

அதே பலகையில் பி1 என்ற அமைப்பு, வெப்பம் எவ்வளவு குறைந்தபின் பல்பு மீண்டும் எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பலகை வரும்போது அது 2 டிகிரியாக இருக்கும். மீன்தொட்டிக்கு அது போதலாம், முட்டைக்கு ஆகாது. அதை 0.3 டிகிரிக்குக் குறைத்தோம். சென்சார் பல்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பெட்டியின் மூடியோடு ஒட்டியிருந்தது. அதை முட்டைகளின் மட்டத்துக்கு இறக்கி, எந்தப் பல்பின் நேர்க்கதிரும் படாதபடி சிறு அட்டை மறைப்பு வைத்தோம். இவற்றோடு, ஒரு முட்டை அளவுள்ள பிளாஸ்டிக் பையில் நீர் நிரப்பி, அதற்குள் இன்னொரு வெப்பமானியின் முனையைச் செருகி முட்டைகளுக்கு நடுவே வைத்தோம். காற்றின் வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கருவுக்குப் போய்ச் சேரும் வெப்பம் இந்தப் பையில் தெரிவதுதான். பெட்டியின் நான்கு மூலைகளிலும் பையை வைத்துப் பார்த்ததில் ஃபேனுக்கு எதிர்மூலை மட்டும் அரை டிகிரி குளிர்ந்திருந்தது. அந்த மூலையை முட்டை இல்லாமல் விட்டுவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை அங்கே நகர்த்தினோம்.

இத்தனையும் சரிசெய்தபின்னும் எனக்கு நிறைவு வரவில்லை. சென்சாரின் பிசகு தை மாதத்திலும் இருந்ததுதானே. அப்போது மூன்றில் இரண்டு பங்கு பொரிந்த பெட்டி, சித்திரையில் மட்டும் ஏன் கருவைக் கொன்றது? பெட்டியின் குறைகள் எல்லா மாதத்துக்கும் பொது. மாசிக்கும் சித்திரைக்கும் இடையே மாறியது எது என்று கேட்டால், வீட்டின் வெப்பம் ஒன்றுதான் மாறியது. கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பம் பதிவான ஊர்ப் பட்டியலில் அடிக்கடி முதலிடங்களில் வரும் கரூர் பரமத்தி அங்கிருந்து தொலைவில் இல்லை. முட்டைகளைப் பெட்டியில் வைப்பதற்கு முன்பு எங்கே சேர்த்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அடுப்படியில், சிமென்ட் ஓட்டுக் கூரைக்குக் கீழே, மேல்தட்டில், முட்டை அட்டையில். பெட்டி நிறையும் அளவுக்கு முட்டை சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிடும் என்றார் அக்கா. அந்தத் தட்டில் ஒரு வெப்பமானியை வைத்துவிட்டு மறுநாள் பார்த்தேன். பிற்பகலில் 38 டிகிரியைத் தொட்டிருந்தது. விடியற்காலையில்கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

முட்டை இடப்படும்போதே அதனுள் இருக்கும் கரு ஒரு நாள் வளர்ச்சியை முடித்திருக்கும். கோழியின் உடல்வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. கருமுட்டை கோழியின் குழாயில் இறங்கி ஓடு கட்டும் அந்த ஒரு நாளில் செல்கள் பிரிந்து பல்லாயிரமாகப் பெருகிவிடுகின்றன. வெளியே வந்து குளிர்ந்தவுடன் வளர்ச்சி நின்று கரு உறங்குகிறது. அப்படி முழுமையாக உறங்க வேண்டுமானால் வெப்பம் சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே, 37 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் மோசமானது: கரு உறங்கவும் முடியாமல் ஒழுங்காக வளரவும் முடியாமல், சில பகுதிகள் வளர்ந்தும் சில பகுதிகள் பின்தங்கியும் போய், வலுவிழந்து, பெட்டிக்குள் வைத்த ஓரிரு நாளில் இறந்துவிடுகிறது. பகலில் 38, இரவில் 28 என்று இரண்டு வாரம் ஏறி இறங்கிய முட்டைகளுக்கு நேர்ந்தது இதுதான். தை, மாசியில் அந்த அடுப்படித் தட்டின் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருந்திருக்கும். அதனால் பெட்டியின் பிசகைக்கூடத் தாங்கும் வலு கருவுக்கு இருந்தது. மாமியாரிடம் இதைச் சொன்னபோது, சித்திரை வைகாசியில் அடை வைத்தால் கூமுட்டை அதிகம் விழும், அதனால் அந்த மாதங்களில் முட்டையைத் தின்னக் கொடுத்துவிடுவோம் என்றார். இடியைவிட இந்த அனுபவ அறிவு எனக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. முதலிலேயே அவரிடம் மாதங்களைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைகளை 16 முதல் 18 டிகிரி வெப்பத்தில், 75 விழுக்காடு ஈரப்பதத்தில், ஏழு நாளுக்கு மிகாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஏழு நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் திறன் குறையும்; பொரிப்பதும் தாமதமாகும். வீட்டு ஃபிரிட்ஜில் வழக்கமாக 4 டிகிரி அளவுக்குக் குளிர் இருப்பதால் அது இதற்கு ஏற்றதல்ல. முதலில், ஒரு பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, ஈரச்சாக்கு போர்த்திப் பார்த்தோம். அரவக்குறிச்சியின் வறண்ட காற்றில் இது நன்றாகவே குளிர்ந்தது; ஆனால் பிற்பகலில் 26 டிகிரிக்குக் கீழே போக மறுத்தது. மூன்று நாளுக்கு மட்டும் சேர்த்து வைப்பவர்களுக்கு அது போதும். எங்களுக்கு ஒரு வாரம் தேவைப்பட்டதால், மீன் வரும் தடித்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, மறுபக்கத்தில் முட்டை அட்டையை வைத்தோம். காலையும் மாலையும் பாட்டிலை மாற்றினால் உள்ளே 16க்கும் 19க்கும் இடையில் நிற்கிறது. துண்டு சுற்றாமல் வைத்தால் பாட்டிலுக்கு அருகிலுள்ள முட்டைகள் மிகவும் குளிர்ந்துவிடும் என்பதால் துண்டின் மடிப்பைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய வேண்டியிருந்தது. முட்டைகளை அகன்ற முனை மேலாக அடுக்குகிறோம். இன்குபேட்டரிலும் கூர்முனை மேலாகவே இருந்துவிட்டால், கடைசியில் குஞ்சின் தலை தவறான முனையில் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. இன்குபேட்டரில் வைக்கும் முன் பெட்டியின் மூடியை மட்டும் திறந்துவைத்துவிட்டு, முட்டை அறைவெப்பத்துக்கு மெல்ல வரும்வரை விட்டுவிட வேண்டும். நேராகச் சூட்டில் வைத்தால் ஓட்டின் மேல் வியர்வை போல நீர் படியும். அந்த நீரோடு கிருமிகள் ஓட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே போகும்.

அடுத்த ஈட்டில் ஏழாம் நாள் டார்ச் அடித்தபோது, பெரும்பாலான முட்டைகளில் சிலந்திக்கால்கள் போல நாளங்கள் நாற்புறமும் ஓடியதைப் பார்த்தோம். தெளிவாகத் தெரிந்தவை கைவிரல்களுக்குள் அடங்கின. அவற்றில் சில, பேருந்தில் வாங்கி வந்த வெளியூர் முட்டைகள். பயணத்தில் குலுங்கிய முட்டைகளில் காற்றறை சவ்விலிருந்து பிரிந்து, முட்டையைச் சாய்த்தால் குமிழியாக நகரும். அப்படிப்பட்டவற்றை அகன்ற முனை மேலாக ஒரு நாள் முழுக்க அசைக்காமல் நிறுத்தி வைத்தபின்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆரம்ப இறப்பு குறைந்ததும் கடைசி வார இறப்பு வெளிச்சத்துக்கு வந்தது. முழுதாக வளர்ந்து, இறகு மூடி, மஞ்சள் கருவைப் பாதி உள்ளிழுத்த குஞ்சுகள் ஓட்டைக் கொத்தாமலே இறந்திருந்தன. திறந்து பார்த்ததில் சவ்வு உலர்ந்த தோல் போலக் குஞ்சின் உடலில் ஒட்டியிருந்தது. காற்றறை முட்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்திருந்தது. நீர் அளவுக்கு மீறி வற்றியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். இதற்கு நேர்மாறாக ஈரம் கூடிப்போனால் காற்றறை சிறுத்து, குஞ்சு வீங்கி, திறந்தவுடன் நீர் வழியும்.

நீர் வற்றுவதை அளக்கச் சிறந்த கருவி தராசுதான் என்பது என் உறுதியான கருத்து. கோழி முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை இழக்க வேண்டும். 45 கிராம் எடையுள்ள சிறுவிடை முட்டை ஒன்று பதினெட்டாம் நாளில் ஏறக்குறைய 39.5 கிராமாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்றைக் கொண்டுவந்து, சில முட்டைகளில் பென்சிலால் எண்ணிட்டு எடையைக் குறித்துவைத்தோம். பெட்டியிலிருந்த ஈரப்பதக் கருவி முழுக்க 50 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பதினெட்டாம் நாளில் எடையிழப்பு 16 விழுக்காட்டை நெருங்கியிருந்தது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றால், அது தராசாக இருக்க வாய்ப்பில்லை.

ஈரப்பதக் கருவியைச் சமையல் உப்பால் சோதிக்கலாம். ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரக்குழம்பாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, அதையும் கருவியையும் இறுக மூடும் டப்பாவுக்குள் வைத்து, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அறைவெப்பத்தில் விட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். இது உப்புக் கரைசலின் இயல்பு. எங்கள் கருவி 87 என்று காட்டியது. திரையில் 50 என்று தெரிந்த நாட்களில் பெட்டிக்குள் உண்மையில் 40 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்திருக்கிறது. கருவியைத் திருத்தும் வசதி அதில் இல்லை. அதன் முகப்பிலேயே "12 கழிக்கவும்" என்று எழுதி ஒட்டிவிட்டோம். ஈரத்தைக் கூட்டுவதற்குக் கிண்ணத்தில் நீரை ஆழமாக ஊற்றிப் பயனில்லை. ஆவியாவது நீரின் மேற்பரப்பிலிருந்துதான் என்பதால், அகலமான தட்டத்தில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை நிறுத்தி வைத்தோம். இப்போது முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 விழுக்காட்டிலும், அதன்பின் 65 முதல் 70 விழுக்காட்டிலும் வைத்துக்கொள்ள முடிகிறது.

கடைசி மூன்று நாளில் மூடியைத் திறப்பதுதான் அந்த வீட்டில் நிறுத்த வேண்டியிருந்த இன்னொரு பழக்கம். ஓடு கொத்தப்பட்ட முட்டையைப் பார்க்கும் ஆவலில் குழந்தைகள் திறக்க, உள்ளே சேர்ந்திருந்த ஈரம் ஒரே நொடியில் வெளியேறி, கிழிந்த சவ்வு குஞ்சின் மேல் சுருங்கி இறுகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றுவதற்காகக்கூடத் திறக்க வேண்டாம் என்று, மருந்துக்கடையில் வாங்கிய சலைன் குழாய் ஒன்றைப் பக்கச்சுவரில் துளையிட்டு நுழைத்துத் தட்டத்தில் விட்டோம். வெளியிலிருந்து ஊசிக்குழலால் வெதுவெதுப்பான நீரை ஏற்றலாம். மூடியில் சிறு கண்ணாடித் துண்டு பதித்ததும் குழந்தைகளின் ஆவலுக்கும் வழி கிடைத்தது. ஈரம் போகாதிருக்கக் காற்றுத்துளைகளில் துணி அடைத்திருந்ததையும் எடுத்துவிட்டோம். பொரியும் நேரத்தில்தான் குஞ்சுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. அப்போது துளையை அடைப்பது மூச்சை அடைப்பதுதான். ஓட்டில் முதல் கொத்து விழுந்தபின் குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த இடைவேளையில் அது மீதமுள்ள மஞ்சள் கருவையும் சவ்விலுள்ள இரத்தத்தையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்போது உதவுவதாக நினைத்து ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடும்.

உடைத்த முட்டைகளில் சிலவற்றின் கூர்முனையில், குஞ்சு உறிஞ்சாத வெண்கரு கெட்டியாகத் தங்கியிருந்தது. முட்டையைப் போதுமான தடவை திருப்பாததற்கான அடையாளம் அது. காலையும் மாலையும் இரண்டு தடவை மட்டுமே திருப்பி வந்தார்கள். அதனால் நீண்ட இரவு முழுவதும் நாள்தோறும் ஒரே பக்கம் மேலாக இருந்திருக்கிறது. குறைந்தது மூன்று தடவை, இயன்றால் ஐந்து தடவை, எப்படியும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் திருப்பினால் இரவில் இருக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும். ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டிருப்பதால் எந்த முட்டை விடுபட்டது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

மற்றவை சிறியவை. நடு வாரத்தில் இறந்த ஒன்றிரண்டு கருக்கள், கூண்டில் அடைத்து அரிசிக் குருணையும் மக்காச்சோளமும் மட்டும் போட்டு வளர்த்த கோழியின் முட்டைகள். ரிபோஃபிளேவின் போன்ற உயிர்ச்சத்துக் குறைந்தால் அந்த வாரத்தில் இறப்பு வரும் என்பதால், அதை மேயவிட்டு, அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் போடச் சொன்னேன். எச்சம் ஒட்டிய முட்டைகளைக் குளிர்ந்த நீரில் கழுவுவதையும் நிறுத்தச் சொன்னேன். முட்டையின் உள்ளடக்கம் சுருங்கும்போது வெளியிலிருக்கும் அழுக்குநீரை ஓடு உள்ளே இழுத்துக்கொள்ளும். அத்தகைய முட்டைகளைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, கூட்டில் வைக்கோலை அடிக்கடி மாற்றுவதே நல்லது. கரண்ட் போகும் நேரத்துக்காக நீர் நிரப்பிய சில பாட்டில்களைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அவை தேக்கிவைக்கும் வெப்பத்தால் பெட்டி மெல்லவே குளிர்கிறது. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. 40 டிகிரிக்கு மேல் போகும் சூட்டை அது தாங்காது. கரண்ட் வந்ததும் இழந்த வெப்பத்தை ஈடுகட்ட அளவைக் கூட்டிவைப்பது அதனால்தான் ஆபத்தானது.

இவை எல்லாம் சீரானபின் வைத்த ஈட்டில், ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குஞ்சுகள் வந்தன. தெளிவாகவே நின்ற முட்டைகளில் பெரும்பாலானவை ஒரே கோழியுடையவை என்பது, முட்டைகளின் மேல் கோழிகளுக்கென்று தனித்தனிக் குறி போட்டதால் தெரிந்தது. அது இட்ட முட்டைகளை உடைத்துப் பார்த்தால் அடர்ந்த வெண்புள்ளிதான், வளையம் இல்லை. மற்ற கோழிகள் கொத்தி விரட்டுவதால் அது பகல் முழுவதும் மாட்டுத்தொழுவத்திலேயே ஒதுங்கிக் கிடக்கிறது. சேவல் அங்கே போவதில்லை. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் வரை போதும் என்ற கணக்கு அந்தப் பட்டியில் சரியாகவே இருக்கிறது; ஆனால் கணக்குக்குள் இந்தக் கோழி வரவில்லை. அதையும் சேவலையும் சில நாட்கள் தனிக்கூண்டில் சேர்த்து விடும்படி சொல்லியிருக்கிறேன். கோழியின் உடலில் விந்தணுக்கள் இரண்டு வாரம் அளவுக்கு உயிரோடு இருக்கும் என்பதால், ஒருமுறை சேர்ந்தால் அந்த ஈடு முட்டைகளுக்குப் போதும். அதுவரை அதன் முட்டைகள் பெட்டிக்குப் போகாமல் சமையலுக்குப் போகின்றன.